கதவு கழற்றிய விமானம்

இந்த அத்தியாயத்தை எழுத எனக்குப் பல வருஷம் பிடித்தது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், எழுத்து எனக்கு எப்போதுமே இலேசில் வராது. ஆனால் தாமதத்துக்குக் காரணம் அதுவல்ல. ஒவ்வொரு தடவையும் சுவாமித் தட்டின் முன்னால் போய் நின்று, “பிள்ளையாரே, இதை எழுதட்டுமா?” என்று கேட்பேன். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். நானும் பேனையை மூடி வைத்துவிடுவேன்.

சென்ற வாரங்களில் கற்பூரப் புகைக்கு அலறிய அலாரத்தையும், வாளியோடு ஓடிவந்த கட்டடக் காவலாளியையும் எழுதிச் சிரிக்க வைத்தேன். நாளைக் கடத்தத்தான் அதெல்லாம். ஒருநாள் இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் தம்பி போனில் கேட்டேவிட்டார். “அங்கிள், நீங்கள் எயார்போர்ஸிலை இருந்தனீங்களாம். அதை ஏன் இன்னும் எழுதேல்லை?”

“வரும் தம்பி” என்றேன்.

எனக்கும் வயது போகிறது. நான் கண்ணை மூடினால் இது என்னோடு போய்விடும். என் கூடப்பிறந்த கனகக்காவுக்கு அது நியாயமில்லை. ஆகவே அந்தப் பின்னேரத்தில் இருந்து தொடங்குகிறேன்.

கைதட்டல்

எண்பதுகளின் பின்பகுதி. பனி முழுக்கக் கரைந்து, ஜன்னலைத் திறந்து வைக்கலாம் என்கிற காலம். நானும் மனைவி பத்மாவும் ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஓர் அப்பார்ட்மென்டின் ஏழாம் மாடியில் இருந்தோம். அடுத்த வீட்டில் செல்வராசா. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, ராக்சி ஓட்டினார். அவருடைய தாயார் ஊரில் தனியே இருந்தார்.

அன்று அவருடைய வீட்டில் கால் வைக்க இடமில்லை. ரிவியில் செய்தி போனது. வடக்கிலே சனங்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்று அயல்நாட்டு விமானங்கள் வந்து சாப்பாட்டு மூட்டைகளைப் போடுகின்றன. வெள்ளைக் குடைகள் விரிந்து ஆடி ஆடி இறங்கின. வீடே கைதட்டியது. ஒருவர் சுவாமிப் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார். செல்வராசாவின் மனைவி அவசரமாகக் கேசரி கிண்டினா. ஏலக்காய் வாசமும் நெய் வாசமும் நடைபாதை வரைக்கும் போயிருக்கும்.

“அண்ணை, பாருங்கோ! வானத்தாலை அரிசி வருகுது!” செல்வராசா என் தோளைப் பிடித்து உலுக்கினார். “உங்கடை மட்டக்களப்பார் மந்திரம் போட்டு ஆக்களைப் பாயோடை ஒட்டவைப்பினமெண்டு சொல்லுவினம். நீங்கள் என்ன, சோபாவோடை ஒட்டிப்போனியள்? எழும்புங்கோ அண்ணை!”

எல்லோரும் சிரித்தார்கள். நான் எழும்பவில்லை. பத்மா மட்டும் சிரிக்காமல், கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

எல்லோரும் மூட்டையைப் பார்த்தார்கள். நான் விமானத்தின் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தானம் வந்த மாடு

தானம் கொடுத்த மாட்டைப் பல்லுப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இளவயதில் என்னுடைய உத்தியோகமே தானம் வந்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுதான்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்து அதிக காலம் ஆகவில்லை. விமானப்படை என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். படை இருந்தது, உடுப்பு இருந்தது, கொடி இருந்தது. விமானம்தான் இல்லை. போன எசமான் தன்னிடம் பழசாய்ப் போன சிலதை அன்பளிப்பாகத் தந்தான். அவற்றோடு அவனுடைய ஒப்பீசர்களும் வந்தார்கள். ஒரு திருகாணி உடைந்தாலும் அவனுடைய ஊரில் இருந்துதான் வரவேண்டும். எங்களோடு வேலை செய்த கோப்ரல் பியசேன, “இது அன்பளிப்பு இல்லை மச்சான், மாமியார் வீட்டுச் சீதனம். பெட்டையோடு மாமியாரும் வந்து குந்திவிட்டாள்” என்பான். அன்றிலிருந்து அந்த இரட்டை எஞ்சின் விமானத்துக்கு எங்களிடையே பெயர் சீதனக்காரி.

பியசேன காலிப் பக்கத்துச் சிங்களவன். என்னுடைய சிங்களத்தை அவன் பகிடி பண்ணுவான், அவனுடைய தமிழை நான் பகிடி பண்ணுவேன். ஒரே தகரப் பெட்டிக்குள் இரண்டு பேருடைய விமானம் பழுதுபார்க்கும் ஆயுதங்களும் கிடந்தன.

சீதனக்காரி வந்து இறங்கிய நாளில் மந்திரி வந்தார், வாத்தியம் வந்தது, பிக்குமார் பிரித் ஓதி நூல் கட்டினார்கள். எங்களுடைய ஐயரை ஒருவரும் கூப்பிடவில்லை. எல்லோரும் தேத்தண்ணீருக்குப் போன பிறகு நான் பொக்கற்றில் இருந்த திருநீற்றை எடுத்து, கதவு நிலையின் உட்பக்கம் மூன்று குறி இழுத்தேன். பியசேன கண்டுவிட்டான். தன் கையில் கட்டியிருந்த பிரித் நூலை அவிழ்த்து அதே கதவின் கைபிடியில் கட்டினான்.

“இனி விழாது. விழுந்தால் உன் சாமிக்கும் எங்கள் புத்தருக்கும் சண்டை வரும்” என்றான்.

உள்ளே சிவப்புத் தோல் இருக்கைகள் இருந்தன. சாம்பல் தட்ட ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு சின்னக் கிண்ணம். சுருட்டுப் புகை மணம் போகவேயில்லை. கழுவும்போது ஓர் இருக்கையின் அடியில் ஒரு ரொபி மிட்டாய்க் கடதாசி அகப்பட்டது. எந்த ஊர்ப் பிள்ளை தின்றதோ. அதை எறிய மனம் வராமல் கொஞ்சக் காலம் வைத்திருந்தேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். முதன்முதலாக எங்கள் பையன்கள் பறக்கப் பழகிய சின்ன விமானத்தை வரைந்தது இந்த ரொறன்ரோவின் வடக்குப் பக்கத்திலாம். இங்கே வந்த பிறகு என்னோடு வேலை செய்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்மாவையும் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போய், அந்தத் தொழிற்சாலையின் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “இதைப் பார்க்கவா இந்தக் குளிருக்குள்ள இழுத்து வந்தீங்க?” என்று அவள் கேட்டாள். ஓம், இதைப் பார்க்கத்தான். ஊருக்குப் பிள்ளையைப் பெற்றுக் கொடுத்த வீட்டைப் பார்ப்பதுபோல் இருந்தது.

மெழுகு பூசிய பலகை

பிறகு அந்த மார்கழி வெள்ளம் வந்தது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. குளங்கள் உடைத்தன. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், எங்கள் ஊர் உட்பட எல்லாம் கடலாகிவிட்டது. அங்கேதான் என் அக்கா கனகம்மா, கைக்குழந்தை சிவத்தோடு இருந்தா. அத்தான் அதற்கு முன்னமே காய்ச்சலில் போய்விட்டார். அம்மா இல்லாத வீட்டில் என்னை வளர்த்தவ அக்காதான்.

றோட்டு இல்லை, தோணி போகாது. விமானத்தில் கொண்டுபோய்ப் போடச் சொல்லி உத்தரவு வந்தது. ஆனால் சீதனக்காரி ஆட்களை ஏற்றுகிற விமானம். மூட்டை போட அதில் வழியில்லை. கதவைக் கழற்றிவிட்டுப் பறக்கலாமா என்று கேட்டதற்கு, வெள்ளைக்கார ஒப்பீசர் புத்தகத்தில் அப்படி இல்லையே என்றார். எங்கள் பெரியவர் ஒருவர், “ஐயா, பசிக்கும் புத்தகத்தில் இடமில்லை” என்று சொல்லிவிட்டுக் கழற்றச் சொன்னார்.

சிவப்பு இருக்கைகளைப் பிடுங்கிப் புல்லில் வைத்தோம். கதவைக் கழற்றினோம். கையால் மூட்டையைத் தள்ளிப் பார்த்தபோதுதான் ஆபத்துத் தெரிந்தது. மூட்டை போகிற வேகத்துக்கு ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு வழி பிடித்தோம். நெல்லு மில்லில் இருந்து நீளப் பலகை ஒன்று கொண்டுவந்து, மெழுகுதிரி தேய்த்து வழுக்க வைத்தோம். மூட்டையைப் பலகையில் ஏற்றிவிட்டு, நாங்கள் முதுகைத் தரையில் வைத்துப் படுத்து, இரண்டு காலாலும் உதைத்துத் தள்ளுவது. இடுப்பில் கயிறு. என் கயிற்றின் மறு தலைப்புப் பியசேனவின் இடுப்பில். அவன் தள்ளும்போது அவனை நான் பிடித்திருப்பேன்.

அரிசியை அரைச் சாக்கில் கட்டி, அந்தச் சாக்கைப் பெரிய சாக்குக்குள் போடுவோம். விழுந்து உள்சாக்கு வெடித்தாலும் வெளிச்சாக்குத் தாங்கும். முதல்தரம் சுற்றும்போது மேட்டில் வெள்ளைத்துணி விரித்திருக்கிறார்களா என்று பார்ப்பது. இரண்டாந்தரம் இடம் பிடிப்பது. மூன்றாந்தரம் போடுவது. இதுதான் முறை.

எங்கள் ஊருக்கு மேலே வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. பிள்ளையார் கோயில் கூரையும் குளக்கட்டும் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன. அந்தக் கட்டின்மேல் சனம். மழைக்குச் சுளகைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றா. மூன்றாந்தரம் வந்தோம். நான் உதைத்தேன். மூட்டை போனது. காற்று முகத்தில் அறைந்தது. கீழே அந்தச் சுளகு விழுந்ததையும், அவ ஒரு கையை உயர்த்தியதையும் என் இரண்டு காலுக்கும் நடுவால் பார்த்தேன்.

“உன் ஊரா?” என்று பியசேன கத்தினான். நான் தலையாட்டினேன். என் கண்ணீர் காற்றில் அவனுடைய முகத்தில் போய்ப் பட்டது. “மழை உள்ளேயும் பெய்கிறது” என்றான் அவன்.

“என்ர தம்பிர பிளேன்”

வெள்ளம் வடிந்து லீவில் போனேன். அக்கா ஓடிவந்து, முதல் வேலையாக என் காலைத் தொட்டுப் பார்த்தா. “இந்தக் காலாலதானே மனே தள்ளினாய்?” என்று கேட்டா. வளர்த்தவ அல்லவா, நான் அவவுக்கு எப்போதும் ‘மனே’, மகன்தான். ஊருக்குச் சோறு போட்ட கால் என்று மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினா. எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது.

“நான்தான் எண்டு உனக்கு எப்பிடிக்கா தெரியும்?”

“சத்தத்துல தெரியும். ரெண்டு மாடு ஒண்டா மூச்சு விடுற மாதிரி. மறுகா, வேற ஆர்ரா எனக்கு அரிசி போடுவான்?”

அன்றிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. இரட்டை எஞ்சின் சத்தம் கேட்டால், அக்கா அடுப்பில் என்ன கிடந்தாலும் விட்டுவிட்டு முற்றத்துக்கு வருவா. திருநீற்றை நுனிவிரலில் எடுத்து மேலே ஊதி, வலக்கையை உயர்த்தி, “போய்ட்டு வா மனே” என்பா. ஊர்ப் பிள்ளைகளும் பக்கத்தில் வந்து நின்று கை தூக்குவார்கள். எந்த விமானமாய் இருந்தாலும் அது தம்பிர பிளேன்தான்.

சிங்களம் படித்துப் பரீட்சை எழுதினால்தான் உத்தியோகம் என்று வந்தபோது நான் விமானப்படையை விட்டேன். பியசேன பிரியும்போது அந்த இடுப்புக் கயிற்றில் பாதியை வெட்டித் தந்தான். கொழும்பில் ஒரு மோட்டார் கராச்சில் வேலை செய்தேன். அக்காவுக்கு எத்தனையோ தரம் சொன்னேன், நான் இப்போது பிளேனில் இல்லை என்று. “நீ இல்லாட்டி என்ன? அதுக்குள்ள இருக்கிறவனும் ஒருத்திர தம்பிதானே?” என்றா. அவ கையைத் தூக்குவதை நிறுத்தவில்லை.

பிறகு எண்பத்து மூன்று கலவரம். கொழும்பில் நாங்கள் இருந்த வீடு எரிந்தது. பியசேனவின் கயிறும் அதோடு போனது. கப்பலில் யாழ்ப்பாணம் போய், அலைந்து, கடைசியில் மகன் இருந்த கனடாவுக்கு வந்து சேர்ந்தோம். அக்கா வரமாட்டேன் என்றுவிட்டா. வயலும் மாடும் கோயில் விளக்கும் அவவுக்கு இருந்தன.

கசற்

அந்தக் காலத்தில் கடிதத்தை விடக் கசற்தான். யாராவது கொழும்பு போய் வந்தால், அவர்களுடைய பெட்டிக்குள் பத்துப் பேருடைய குரல் வரும். அக்காவின் மகன் சிவம் அனுப்பிய கசற்றைக் குசினி மேசையில் வைத்துப் போட்டுக் கேட்டோம். பத்மா ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள்.

முதலில் கோழி கூவியது. பிறகு சிவம்.

“மாமா, மாமி, நாங்க சுகம். ஆமிர ஹெலி வந்து சுட்டா எல்லாரும் பங்கருக்குள்ள ஓடிருவம். அம்மாவும் ஓடி வருவா, நல்லா ஓடுவா. ஆனா இந்த ரெண்டு எஞ்சின் ஒண்டு இப்ப வருது மாமா. புதுசு, ஏதோ வேற நாட்டுக்காரன் குடுத்ததாம். அதுக்கு மட்டும் இவ ஓடமாட்டா. வெளிய போய் நிண்டு கை தூக்குறா. நீங்க ஒருக்காச் சொல்லுங்க.”

அந்த நேரம்தான் அது கேட்டது. தூரத்தில். கசற்றின் இரைச்சலுக்குள்ளால். இரண்டு மாடு ஒன்றாய் மூச்சு விடுவதுபோல.

“கேக்குதா மாமா? சொல்லி வாய் மூடல்ல, வந்திட்டு. அந்தா போறா பாருங்க. அம்மா! அம்மோவ்! உள்ள வாகா!”

தள்ளி, மிகத் தள்ளி, அக்காவின் குரல் வந்தது. “போய்ட்டு வா மனே…”

சிவம் சிரித்தான். பத்மாவும் மாக் கையை வாயில் வைத்துச் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

“என்னங்க? அது சும்மா சாமான் ஏத்துறதாத்தானே இருக்கும்?”

“சாமான் ஏத்துறதுதான்” என்றேன். “அதான் பயமாயிருக்கு.”

மறுமொழி

அன்றைக்கே மறுபக்கத்தில் பேசினேன். பத்மா பக்கத்தில் இருந்து, “பயங்காட்டாதீங்க, பாவம்” என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் ஒளிக்கவில்லை.

“அக்கா, நான் சொல்லுறதக் கேள். அந்த மாதிரிப் பிளேன்ர கதவக் கழட்ட ஏலும். அரிசி போட்ட வழியால என்னத்தையும் போடலாம். அது இப்ப எங்கட பிளேன் இல்ல. தம்பிர பிளேன் எண்டு ஒண்டு இல்லக்கா. சத்தம் கேட்டா நீ உள்ள போகணும். பிள்ளையார்மேல ஆணையாக் கேக்கிறன்.”

மறுமொழி வர மழைக்காலம் ஆகிவிட்டது. ஊருக்கு மழைக்காலம், எங்களுக்கு முதல் பனி.

“தம்பி, உன்ர ஆணைய நீயே எடுத்துப்போடு” என்று தொடங்கினா அக்கா. “கனடாக் குளிரு உன்ர மூளையப் புடிச்சிட்டுப் போல. அது ஆருக்கும் சோறுதான் போடும். நான் கண்ணால பாத்தனான். நீ காலால தள்ளினாய். மறுகா, இத்தின வருசமா நான் கை தூக்கித்தான் அதுகள் விழாம இரிக்கி. இப்ப நான் உள்ள போய்க் குந்திட்டு, அது எங்கயும் விழுந்திட்டா? அதுக்குள்ள இருக்கிற பொடியன் ஒருத்திர தம்பி. அவ தூரத்துல இரிப்பா, அவவுக்குத் தெரியாது. நாமதான் பாக்கணும். நீ நல்லாச் சாப்பிடு. தலைக்கு நல்லெண்ணெய் வை.”

நான் திரும்பவும் கசற் அனுப்பினேன். திரும்பவும். ஒரு தடவை கத்தினேன், ஒரு தடவை அழுதேன். அவ அசையவில்லை. என் வாய்ச் சொல்லை நம்பச் சொல்லி நான் கேட்டேன். அவவோ என் கால் செய்ததை நம்பினா. நான் செய்த ஒரேயொரு நல்ல காரியம் மலைபோல் எழும்பி, எனக்கும் அக்காவுக்கும் நடுவில் நின்றது. அதைத் தாண்டி என் குரல் போகவில்லை.

விடியற்காலையில் குளித்து, தட்டின் முன்னால் நின்று, அக்காவின் கையைக் கொஞ்சம் கீழே இறக்கிவிடு பிள்ளையாரே என்று கேட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை.

சிவத்தின் போன்

மாசி மாதம். ஜன்னல் கண்ணாடியில் உள்ளேயும் பனி பூத்திருந்தது. சுவாமி கும்பிட்டு முடிக்கவில்லை, போன் அடித்தது. சிவம். எப்படியோ கொழும்புக்கு வந்து சேர்ந்திருந்தான்.

“மாமா” என்றான். 

“சொல்லு மருமகன்.”

“அது வந்து ரெண்டுதரம் சுத்திக் கிறுகினது மாமா. நாங்க பங்கருக்குள்ள. நான் வாசல்ல நிண்டு கூப்பிட்டன். அம்மா முத்தத்துல. ‘இன்னும் ஒருதரம் கிறுகும் மனே, மூண்டாந்தரம்தான் போடும், சாக்கெடுத்து வா’ எண்டவ. ஊர்ல சாமான் வந்து ஒரு மாசமாப் போயிற்றுத்தானே. நான் ஓடினன் மாமா. ஏலாமப் போயிற்று.”

நான் ஏன் அதைக் கேட்டேன் என்று இப்போது எழுதும்போதும் எனக்குப் புரியவில்லை. பிள்ளை தாயைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறான். நீ காயமா என்று கேட்கவில்லை. கொள்ளி வைத்தாயா என்று கேட்கவில்லை.

“கதவு பூட்டியிருந்ததா?” என்று கேட்டேன்.

“கதவு இல்ல மாமா. நல்லாக் கீழ பதிச்சு வந்தது. வெறும் வாசல். உள்ள ஒருத்தன்ர கால் ரெண்டும் தெரிஞ்சது.”

பத்மா போனை என் கையில் இருந்து வாங்கினாள்.

கால். முதுகைத் தரையில் வைத்துப் படுத்திருக்கிறான். இடுப்பில் கயிறு கட்டியிருக்கும். மறு தலைப்பு இன்னொருவனுடைய இடுப்பில். பலகைக்கு மெழுகோ வேறெதுவோ பூசியிருப்பார்கள். மூன்றாந்தரம். உதைக்கிறான். அவனுடைய இரண்டு காலுக்கும் நடுவால் கீழே பார்க்கிறான். அங்கே ஒரு பெண் கையை உயர்த்தி நிற்பது தெரிகிறது. எனக்குத் தெரிந்ததுபோலவே தெரிந்திருக்கும். அந்த உயரத்தில் அது தெரியும்.

வெயர்ஹவுஸ் வாசல்

அஜின்கோர்ட்டில் ஒரு வெயர்ஹவுஸில் எனக்கு வேலை. பெட்டிகளை உருளைகளில் ஏற்றி லொறிக்குள் தள்ளுவது. துக்கம் கழித்து வேலைக்குப் போன நாளில், பெரிய வாசலை உயர்த்தினார்கள். வெளியே வெள்ளை வெளிச்சம், காற்று முகத்தில் அறைந்தது. பெட்டி என் முன்னால் வந்து நின்றது. என் கை அதைத் தொடவில்லை.

பின்னால் பெட்டிகள் சேர்ந்து முட்டின. போமன் வந்து ஏசினான். ஓர் இத்தாலியக் கிழவர், ஒன்றும் கேட்காமல், என்னைத் தள்ளி நிறுத்திவிட்டு என் இடத்தில் நின்றார். பிறகு வாசல் இல்லாத பக்கமாய்ப் பார்த்து, கூட்டுகிற வேலை கேட்டு வாங்கினேன்.

ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்ல எங்கே தொடங்குவது? நீ விமானப்படையில் இருந்தவனா என்று ஒரு பார்வை வரும், அதையும் கண்டேன். பாவம் அப்பாவிக் கிழவி, அறியாமல் போய் நின்றா என்று அனுதாபம் வரும். அதைத்தான் என்னால் தாங்க முடியாது. அக்கா அறியாமல் நிற்கவில்லை. அறிந்ததைக் கொண்டு நின்றா.

திருநீறு பூசினது வீணா என்று பத்மா ஒருநாள் கேட்டாள். கேட்டுவிட்டுத் தானே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் இன்றைக்கும் காலையில் மூன்று குறி இழுக்கிறேன். அது பழக்கம். ஆனால் முன்னைப்போல் ஒன்றும் கேட்பதில்லை. கேட்க என்னிடம் ஒன்றும் இல்லை.

கேசரி

அந்த மாசிக்குப் பிறகு வந்த கோடையில்தான் செல்வராசா வீட்டில் கைதட்டினார்கள்.

ரிவியில் வெள்ளைக் குடைகள் இறங்கிக்கொண்டே இருந்தன. கீழே, கோயில் வெளியில், சனங்கள் கை தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கை தூக்கிக்கொண்டு. நான் சத்தமில்லாமல் அழத் தொடங்கினேன். ஓடாதே, நில், உள்ளே போ என்று தொண்டை வரைக்கும் வந்தது. அங்கே விழுவது அரிசி என்று எனக்குத் தெரியும். என் கால்களுக்குத் தெரியவில்லை.

செல்வராசா கேசரித் தட்டோடு வந்தவர் என்னைப் பார்த்துத் திகைத்துப்போனார். அவருடைய கண்ணும் நிறைந்திருந்தது. அவருடைய தாய்க்கு அந்த மூட்டையில் ஒரு பிடி கிடைக்கக்கூடும்.

“அண்ணை, சந்தோசத்திலையோ அழுறியள்?”

பத்மா என் விரல்களை இறுக்கிப் பிடித்தாள்.

“ஓம் தம்பி” என்றேன். “சந்தோசத்தில.”

கேசரியை வாங்கி வாயில் போட்டேன். முந்திரிகை வத்தல் ஒன்று பல்லில் கடிபட்டது. 

இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பிள்ளைகளுக்கு, பேரப்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். இங்கிலீசில்தான் சொல்ல வருமென்றால் இங்கிலீசில் சொல்லுங்கள். ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அரிசியை விட்டுவிட்டுக் குண்டை மட்டும் சொல்லவேண்டாம். குண்டை விட்டுவிட்டு அரிசியை மட்டும் சொல்லவும் வேண்டாம். பியசேனவை எடுத்துவிடவேண்டாம், அவன் கட்டிய நூலும் நான் பூசிய திருநீறும் ஒரே கதவில்தான் இருந்தன. என் அக்காவை ஒன்றும் அறியாதவ ஆக்கவேண்டாம். வீராங்கனையும் ஆக்கவேண்டாம், அவவுக்கு அது பிடிக்காது.

கதவு இல்லாத ஒரு விமானம் மூன்றாந்தரம் சுற்றி வந்தது. கீழே முற்றத்தில் நின்ற ஒரு பெண் கையை உயர்த்தினா. அவ கும்பிடவில்லை, உயிருக்குக் கெஞ்சவில்லை. உள்ளே படுத்திருந்தவனைப் பத்திரமாய்ப் போய் வரச் சொன்னா.

அதை அப்படியே சொல்லுங்கள்.